பதினொன்றாம் எண் பெட்டி

சிஞ்சு நகரில் கணினிகளுக்கு இயங்குதளம் எழுதும் எங்கள் சிறிய நிறுவனத்தில், பழைய கணினிப் பெட்டிகள் இருக்கும் அறை சாயுன் அக்காவின் பொறுப்பு. புதுப் பதிப்பை அந்தப் பெட்டிகளில் ஏற்றி, முடுக்கியதும் எவ்வளவு நேரத்தில் வேலைக்குத் தயாராக எழுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார். பதினேழு வருடமாக இதுதான் வேலை. நான் கம்பி மாட்டிக் கொடுப்பேன். அதிகம் பேசமாட்டேன்.

அக்கா தேநீரை ஆறவிட்டு, ஆறியதையே குடிப்பார். எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு, யாரையோ திட்டுவதுபோல் முழங்காலைத் திட்டுவார்.

அந்த வியாழக்கிழமை பதினொன்றாம் எண் பெட்டிக்குக் கடைசிச் சோதனை. இரண்டு நிமிடத்துக்குள் எழாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். பிறகு பாதுகாப்புத் திருத்தம்கூட அதற்குக் கிடைக்காது. நாந்தோ மலையின் சுகாதார நிலையங்களில் நோயாளிகளைப் பதிவது இதே ரகப் பெட்டியில்தான். காலையிலேயே அங்கிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தார்.

"அக்கா, எங்க கிழம் தப்பிச்சிடுமா?"

"தெரியலம்மா. அதுக்கும் முட்டி போச்சு, எனக்கும் போச்சு."

மேலாளர் வெய் போகை வந்து நின்றார். அக்காவைவிட இருபது வயது இளையவர். புதுப் பதிப்பில் திரையின் பின்னணியில் மேகங்கள் நகரும். அது அவருடைய யோசனை.

பெட்டி எழ இரண்டு நிமிடம் நாற்பது நொடி ஆயிற்று.

"எத்தனை நாளைக்கு அக்கா இதுக்குச் சோறு ஊட்டுவீங்க? மேகம் நகரணும்னு ஜனங்க கேக்குறாங்க."

"மலையில நிஜ மேகமே ஜன்னல்ல நகருது, தம்பி. அவங்களுக்குப் பேர் பதிஞ்சா போதும்."

அவர் சிரித்துக்கொண்டே பட்டியலில் அடிக்கப் பேனாவை எடுத்தார். அப்போது பெட்டியின் மேல் இருந்த பச்சைச் சோளப்பொரி பாக்கெட் கண்ணில் பட்டது. 'சமர்த்தா இரு' என்பதே அந்தப் பொரியின் பெயர்; அதை மேலே வைத்தால் எந்திரம் சொன்னபடி கேட்கும் என்று நம்பிக்கை, அது இல்லாமல் எங்கள் தொழிலில் யாரும் எந்திரத்தை ஓட்டுவதில்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்தவரின் முகம் மாறியது.

"ஐயோ, போன மாசமே தேதி முடிஞ்சிருக்கு! இந்தச் சோதனை செல்லாது."

பேனா பைக்குள் போயிற்று. மத்தியானம் இன்னொரு தடவை, அதுவே கடைசி என்றார். நான் ஓடிப்போய்ப் புதுப் பாக்கெட் வாங்கி வந்தேன்.

பன்னிரண்டரைக்கு, வழக்கம்போல் மதியத் தூக்கத்துக்காக எல்லா விளக்கும் அணைந்தது. எல்லோரும் மேசையில் தலை சாய்த்தார்கள். அக்காவும் சாய்த்தார், ஆனால் கைநீட்டிப் பதினொன்றை முடுக்கிவிட்டிருந்தார்.

"ஏய், அங்க பாரு," என்று கிசுகிசுத்தார்.

வெளிச்சத்தில் வெறும் கறுப்பாகத் தெரியும் திரையில், இருட்டில் சாம்பலாக ஏதோ நெளிந்தது. மேகம். உள்ளே நுழைபவரின் பெயரைப் பெட்டி கேட்கும் முன்பே நகரத் தொடங்கியிருந்தது.

"வீட்டுக்கு ஆளே வரல, இது ஆடிக்கிட்டு இருக்கு. அதான் எழ இவ்வளவு நேரம்," என்றார் அக்கா.

விளக்கு வந்ததும் போகையிடம் சொன்னார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, பழைய பெட்டிகளில் மட்டும் மேகம் கிளம்பாதபடி மாற்றினார். மறுபடி ஓட்டினோம். ஒரு நிமிடம் ஐம்பத்து மூன்று நொடி.

"பாத்தீங்களா அக்கா, பாக்கெட்டோட மகிமை!"

"ஆமா தம்பி." வாதாட அவரிடம் தெம்பில்லை.

நர்ஸை அழைத்தார். "தப்பிச்சிடுச்சும்மா. அடுத்த பதிப்பு ஆறு மாசத்துல. அப்ப மறுபடி பாக்கணும்." புதுப் பாக்கெட்டின் தேதி முடியும் நாளை நாட்காட்டியில் குறித்துவிட்டு, அப்படியே மேசையில் தலை வைத்தார்.

மணி இரண்டு. வேலை நேரம். போகை கதவருகே ஒரு கணம் நின்றார். பிறகு எங்கள் அறை விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போனார்.