பேட்டரி மாற்ற வந்தவர்

என் வீட்டு இன்வெர்ட்டருக்கு பேட்டரி மாற்ற, ஏரிக்கரை மீனவ ஊரான பசியாவரத்திலிருந்து ஒருவர் வந்தார். காதில் டெஸ்டரைச் செருகியிருந்தார்.

"இப்ப கரண்ட்ட நிறுத்தாதீங்க. இந்தக் கம்ப்யூட்டர் கிரிப்டோ கணக்குகளைச் சரிபார்க்குது. குலுக்கல்ல இப்ப அதோட முறை விழுந்திருக்கு, தவறினா வரும்படி போச்சு" என்றேன்.

"எங்க ஏரியில இத 'பாடு'னு சொல்லுவோம் சார். சீட்டு எடுத்து, அவனவன் நாள்ல அவனவன் வலை போடுவான்."

என் நண்பர்களுக்கு ஒரு மாதமாகப் புரியாதது அவருக்கு உடனே புரிந்தது. முக்கால் மணி நேரம் காத்திருந்தார். கம்ப்யூட்டரின் முறை முடிந்ததும் பையோடு எழுந்தார்.

"பேட்டரி?"

"நாளன்னிக்கு வரேன். நாளைக்கு என் பாடு, போய் வலைய ரெடி பண்ணணும். மிஷினுக்கு டைம் பாத்தியே, எனக்கு இன்னா டைம்னு கேட்டியா சார்?"

மறுநாள் மின்சாரம் போனது. கம்ப்யூட்டர் தன் அடுத்த முறையைத் தவறவிட்டது. அவர் தவறவிடவில்லை.