வாயில் நான்கு வில்லைகளோடு விராலிமலைக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்திலிருந்து விராலிமலைக்குப் போய் வந்தேன். மொத்தமே நாற்பது கிலோமீட்டர் சொச்சம். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். மேல் அண்ணத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டை மாட்டிக்கொண்டு, அதில் நான்கு நாள் வளர்த்த அழுக்கைப் பத்திரமாகப் பேருந்தில் கொண்டுபோனவர்கள் இந்த மாவட்டத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அழுக்கு என்று சொன்னால் என் மகள் கயல்விழிக்குப் பிடிக்காது. அவள் விராலிமலை தாண்டி நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் ஒரு கல்லூரியில் விடுதியில் தங்கி ஆராய்ச்சி செய்கிறாள். பல்லில் படியும் படலம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எவ்வளவு அழுத்தினால் அமுங்கும், எவ்வளவு இழுத்தால் பிய்யும் என்பதுதான் படிப்பு. கிருமிகள் கொழகொழவென்று ஒன்றைச் சுரந்து, அதையே சாந்தாக வைத்து, தூண் போலவும் மேடு போலவும் எழுப்பி, நடுவில் தண்ணீர் போக வழியும் விடுகின்றனவாம். நான் இருபத்திரண்டு வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறவன். பத்தாவதில் அறிவியலில் முக்கித் தக்கி முப்பத்தேழு மார்க். ஆனாலும் இது புரிந்தது. “அப்ப அது கட்டடம்னு சொல்லு” என்றேன். “ஆமாப்பா. ஒங்க வாயிலதான் கட்டியிருக்கு, பிளான் அப்ரூவல் வாங்காம” என்றாள்.

அவளுக்கு ஆறு பேருடைய வாய் தேவைப்பட்டது. ஐந்து பேர் கொடுத்துவிட்டார்கள். ஆறாவது ஆள் காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டுவிட்டதால் அந்த வாய் தள்ளுபடி. அந்த இடத்துக்குத்தான் நான். தட்டில் இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு என்று நான்கு சின்ன வில்லைகள். பல்லின் மேற்பூச்சு போன்ற பொருளாம். நான்கு நாள் வாயிலேயே இருக்க வேண்டும். சாப்பிடும்போது மட்டும் கழற்றி, ஈரத்துணி வைத்த டப்பாவில் போட வேண்டும். இதெல்லாம் அவள் கொடுத்த தாளின் முதல் பக்கம். பின்பக்கமும் எழுத்து இருந்தது. சிமெண்ட் மூட்டையில் எழுதியிருப்பதையே நான் முழுசாகப் படித்ததில்லை.

படலத்தை அழுத்திப் பார்க்கும் கருவியைச் செவ்வாய்க்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். விட்டால் ஒரு மாதம் கழித்துத்தான். அதற்குள் முடிவுகளை அவள் ஒப்படைத்தாக வேண்டும். “ரெண்டு வில்லையாவது நல்லா வந்து சேரணும்பா” என்று முந்தின நாள் போனில் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

காலை 7.05க்கு வீட்டிலிருந்து ஆட்டோ, எண்பது ரூபாய். 7.35க்கு பேருந்து. அன்னவாசல், இலுப்பூர் வழி. டிக்கெட் முப்பத்தாறு ரூபாய். மடியில் மகளுக்காக மனைவி மீனா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதம், சட்டைப் பையில் அந்த ஈரத்துணி டப்பாவும் தாளும். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. நாக்கு தானாகப் போய் வில்லையைத் தடவப் பார்க்கிறது, இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வேகத்தடை வரும்போதெல்லாம் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டேன். முதல் நாற்பது நிமிடத்திலேயே மணியைப் பதினைந்து தடவை பார்த்திருப்பேன். பக்கத்தில் இருந்தவர் ஊர், தொழில், பிள்ளைகள் என்று விசாரிக்க, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். கடைசியில் எனக்குப் பேச்சு வராது என்று முடிவு செய்து, அன்னவாசலில் இறங்கும்போது தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றும் பார்க்கவில்லை.

9.05க்கு விராலிமலை. நேரம் இருக்கிறதே என்று ஒரு டீக்கடையில் நின்றேன். தப்பு அங்கேதான். துண்டால் வாயை மறைத்துத் தட்டைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். டீ பன்னிரண்டு, இரண்டு வடை பதினாறு. வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்ப மாட்டலாம் என்று குழாயடிக்குப் போய் டப்பாவைத் திறந்தால், நான்கு நாள் வாசம்.

எங்கள் வீட்டில் அடுத்த வீட்டுக் கிண்ணம் வந்தால் கழுவாமல் திருப்பிக் கொடுக்க மாட்டோம். வேலை செய்யும் இடத்தில் இரவல் வாங்கிய கரண்டியைச் சாந்தோடு திருப்பிக் கொடுத்தால் அன்றோடு மரியாதை போச்சு. இந்தத் தட்டும் கல்லூரிப் பொருள். மகளுடைய மேடம் கையில் இந்த நாற்றத்தையா கொடுப்பது? இவ்வளவும் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். கை யோசித்தது. குழாயைத் திறந்து தட்டை அலசி, இடது பக்கம் இரண்டு வில்லையையும் கட்டை விரலால் நறநறவென்று தேய்த்தேன். வழவழப்பு விரலோடு வந்தது. வலது பக்கம் விரலைக் கொண்டுபோனபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன். கடைக்காரம்மா எட்டிப் பார்த்து, “என்னண்ணே, பல்செட்டு ஒடஞ்சு போச்சா?” என்று கேட்டார்.

“இல்லத்தா, பொண்ணு படிப்பு” என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, குழாயை அவரே வந்து மூடினார்.

அங்கிருந்து கல்லூரிக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோ நூற்றிருபது. தட்டைத் திரும்ப வாயில் மாட்டிக்கொண்டேன். எச்சில் பட்டால் ஒருவேளை பழையபடி ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை. சொல்லாமல் விட்டுவிடலாமா? யாருக்குத் தெரியப் போகிறது? சாந்து சரியாகப் பரவாத டைல்ஸும் மேலே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். தட்டிப் பார்த்தால்தான் பொக்கென்று சத்தம் வரும். அப்படி ஒரு தரையை நானே ஒரு தடவை ஒட்டிவிட்டுச் சொல்லாமல் வந்து, ஆறு மாதம் அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றியிருக்கிறேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். “காலைக் கொஞ்சம் ஆட்டாம வாங்கண்ணே, வண்டி அங்கிட்டும் இங்கிட்டும் போகுது” என்றார்.

9.50க்கு வாசலில் கயல் நின்றாள். சாதத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். “தாயி, கழுவிப்புட்டேன்.”

அவள் முகம் ஒரு நிமிடம் என் மகள் முகமாக இல்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. “எந்தப் பக்கம்?” என்றாள். இடது என்றேன். சோப்பு போட்டேனா, பிரஷ் போட்டேனா என்று கேட்டாள். இல்லை, கட்டை விரல்தான். வலது பக்கத்தைத் தொட்டேனா? தொடவில்லை, தண்ணீர் மட்டும் பட்டது. என் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை உருவி, பின்பக்கத்தைத் திருப்பி என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். வெறும் தண்ணீரில் அலசலாம், எக்காரணம் கொண்டும் தேய்க்கக் கூடாது என்று இருந்தது.

“வலது ரெண்டும் தப்பிச்சிருச்சு. வாங்க” என்று முன்னால் நடந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் என்னை ஓர் ஓரத்தில் நிற்க வைத்தார்கள். வலது பக்க வில்லையை ஈரத்திலேயே வைத்து, முடியை விட மெல்லிய ஊசி ஒன்று மேலிருந்து இறங்கி அழுத்தியது. திரையில் ஒரு கோடு ஏறி இறங்கியது. மெதுவாக அழுத்தினால் அந்தப் படலம் மாவு போல விலகிக் கொடுக்கிறது. வெடுக்கென்று அழுத்தினால் ரப்பர் போலத் திருப்பித் தள்ளுகிறது. இரண்டாவது வில்லையும் முடியும் வரை நான் ஒற்றைக் காலில் நின்றேன் என்பதை வலி வந்த பிறகுதான் கவனித்தேன். இரண்டும் நன்றாக வந்துவிட்டன.

தைரியம் வந்து நானும் ஒன்று சொன்னேன். டைல்ஸ் பெயர்ந்தால் முதலில் அதன் முதுகைப் பார்ப்போம், சாந்து அதோடு வந்ததா, தரையோடு நின்றதா என்று. இதையும் அப்படிப் பார்க்கலாமே? “அதத்தாம்பா ரெண்டு வருஷமாப் பாக்குறோம்” என்றாள். நல்லவேளை, வேறு யாரும் சிரிக்கவில்லை.

பிறகு, நேரம் மிச்சம் இருந்ததால், நான் தேய்த்த வில்லையைப் பெரிதாக்கிக் காட்டினாள். பல் வைத்த கரண்டியால் சாந்தைக் கீறியது போல என் விரல் போன வழி வரிவரியாகத் தெரிந்தது. வரிகளுக்கு நடுவே திட்டுத் திட்டாகப் படலம் அப்படியே இருந்தது. அவ்வளவு தேய்த்தும் நான் பெயர்த்தது மேல்மாடியை மட்டும்தான்.

அவள் நோட்டில் எழுதினாள்: ஆறாம் நபர். இடது இரண்டும் விரலால் தேய்க்கப்பட்டவை. நீக்கம். எழுதி முடித்துவிட்டு, திரும்பாமலே, “சொல்லாம இருந்திருந்தீங்கன்னா நாலையும் சேத்திருப்பேன்பா” என்றாள்.

இப்படி வாயை இரவல் கொடுக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். புதுக்கோட்டையிலிருந்து ஏழு மணி வாக்கில் கிளம்பினால் போதும், பேருந்து ஒன்றரை மணி நேரம். கடைசி இருக்கை வேண்டாம். டீயை வேலை முடிந்த பிறகு குடியுங்கள். தாளின் இரண்டு பக்கத்தையும் படியுங்கள். முக்கியமாக, பொருளை அழுக்காகவே திருப்பிக் கொடுங்கள். கை கேட்காது, அதட்டி வையுங்கள்.

திரும்பும்போது கயல் சாத டப்பாவைப் பையில் வைத்துக் கொடுத்தாள். வீட்டில் மீனா அதை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே மஞ்சளாகப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. எங்கள் வீட்டுப் பெண் ஒரு பாத்திரத்தைக் கழுவாமல் அனுப்பியது அதுதான் முதல் தடவை. மூடியில், ஆய்வுக்கூடத்தில் மாதிரிகள் மேல் ஒட்டுகிற வெள்ளைத் தாளில், கயலின் கையெழுத்தில்: “எலுமிச்சைச் சாதம். பகல் 1.10. தேய்க்கக் கூடாது.”

மீனா திட்டிக்கொண்டே டப்பாவைக் கழுவினாள். தாளை மட்டும் நான் உரித்து, தரை மட்டம் பார்க்கும் என் ரசமட்டத்தின் முதுகில் ஒட்டியிருக்கிறேன். சாந்தும் தண்ணீரும் தினமும் படுகின்றன. இதுவரை பெயரவில்லை.