அரைக் குடம் கடன்

2004 கோடை. திருப்பூரில் தாராபுரம் சாலையை ஒட்டிய ஒரு லைன் வீட்டு வளாகம். ஞாயிற்றுக்கிழமை காலை. நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆறு பக்கப் படிவத்தோடு ஓர் அக்காவின் வீட்டில் போய் உட்கார்ந்தேன்.
2. எட்டு நாளாக வராத தண்ணீர் வளாகக் குழாயில் வந்தது.
3. அவர் எழுந்து போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.
4. தண்ணீர் நின்றுவிட்டது.

நான் புள்ளியியல் படித்தவள். பனியன் கம்பெனிகளுக்கு வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் ஊரில் வாங்கிய கடனை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது என் வேலை. அந்த அக்கா இராமநாதபுரம் பக்கத்துக்காரர். கம்பெனியில் தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டுகிறவர்.

வெளியே குடங்கள் மோதும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

"அது கெடக்கட்டும் தாயி, நீங்க கேளுங்க" என்றார்.

பக்கத்து வீட்டு உள்ளூர்ப் பெண் வாசலில் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க்கா, தண்ணி நிக்கப் போகுதுங்க. ஆபீசரம்மா வந்துட்டா தாகமே எடுக்காதுங்களா?"

அதற்கும் அவர் அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். படிவம் பாதியில் நின்றால் நான் இன்னொரு ஞாயிறு வர வேண்டியிருக்கும்.

கடைசிப் பக்கத்தை முடித்து மூடியபோது அக்கா மெதுவாகக் கேட்டார். "லோன் எப்பத் தாயி வரும்? அடமானத்துல கெடக்குற நெலத்த மீட்டுட்டா, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஊருக்கே போயிருவேன்."

வந்தவுடன் 'இது ஆய்வு' என்று சொல்லியிருந்தேன்தான். ஆனால் அதன் பிறகு ஒரு மணி நேரம் நான் பேசியதெல்லாம் கடன், வட்டி, அடமானம், தவணை. அவர் வேறு என்ன நினைப்பார்? கடன் எதுவும் வராது என்று சொன்னேன்.

"அப்ப எதுக்குத் தாயி இம்புட்டும் கேட்டீக?"

பேராசிரியர் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வெளியே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே போர்வெல் தண்ணீரில் சாயப்பட்டறைச் சாயம் கலந்து வரும், வாயில் வைக்க முடியாது. லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பணம் நீட்டினேன். அக்கா வாங்க மறுத்துவிட்டார்.

அப்போது, கிண்டல் செய்த அதே பெண் தன் குடத்தைத் தூக்கிவந்து, இவருடைய காலிக் குடத்தில் பாதியைச் சாய்த்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டிலிருந்து தண்ணீர் வந்தது.

"எழுதிக்கங்க கண்ணு, அரைக் கொடம் கடன். வட்டி கெடையாதுங்க" என்றார் அந்தப் பெண் என்னிடம்.

அக்காவே சிரித்துவிட்டார். என் படிவத்தில் வங்கி, நகை அடகு, கந்துவட்டி, வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் தரும் முன்பணம் என்று கட்டங்கள் இருந்தன. இதற்குக் கட்டம் இல்லை.

இப்போது படிவங்களை நானே தயாரிக்கிறேன். முதல் வரி, 'இதனால் உங்களுக்குக் கடன் கிடைக்காது.' இரண்டாவது, 'இன்று தண்ணீர் வரும் நாளா?' இந்த இரண்டையும் பேசி முடிக்காமல் யார் வீட்டிலும் நான் உட்காருவதில்லை. அந்த அக்காவின் நிலம் மீண்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.