பிள்ளை பிடிக்கப் போன காலைகள்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆரம்பப் பள்ளியில் எல்லோரும் ஆண்கள். ராயபுரத்தில் அப்போது பள்ளிக்கூடம் என்றால் வாத்தியார், வாத்தியார் என்றால் ஆம்பிளை. அதைப் பற்றி யாரும் யோசித்ததுகூட இல்லை.

காலையில் துறைமுகத்துச் சங்கு ஊதி முடிந்ததும் கல்மண்டபத்து டீக்கடையில் கூடுவோம். வேட்டியும் கோட்டுமாக நின்றபடியே அரை கிளாஸ் டீ. பின்னால் மீன் வண்டிகள் போகும். பக்கத்தில் கரிப் புகை. குடித்து முடித்ததும் குப்பத்துக்குள் ஆளுக்கு ஒரு சந்தாகப் பிரிவோம். இதற்குப் பிள்ளை பிடிக்கப் போவது என்று பெயர். வலை கரைக்கு வரும் நேரமும் பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஒன்று என்பதால், வாத்தியார் வாசலில் நின்று கூப்பிடாமல் எந்தப் பையனும் வரமாட்டான். பிள்ளைகள் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். ஆகவே எங்கள் சோறு எங்களுக்குப் பின்னால் வரிசையாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்து வரும். என் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவன் நான். என்னையும் யாரோ ஒருவர் இப்படித்தான் பிடித்து வந்தார்.

பிறகு ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினார்கள். ஒருவர் ரயில்வே ஆபீசுக்கு. ஒருவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு. இன்னொருவர் சொல்லிக்கொள்ளாமலே போனார். துறைமுக வாசலில் பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். எங்கே போனாலும் சம்பளம் இங்கே கிடைப்பதைவிடக் கூட. போனவர்கள் இடத்தில் பயிற்சி முடித்த பெண்கள் வந்தார்கள். கடைசியில் ஹெட்மாஸ்டரைத் தவிர ஆண்கள் என்று மிஞ்சியது நானும் நாலாம் வகுப்பு வாத்தியாரும்தான். அவர் வண்ணாரப்பேட்டைக்காரர், வீடு நிறையப் பிள்ளைகள்.

"தோஸ்து, நாமளும் சேலை கட்டிக்கினு வந்தாத்தான் இனிமே இங்க மரியாதை" என்பார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே.

புதிதாக வந்த டீச்சர் ஒருவருக்குக் குப்பத்துச் சந்து ஒன்றைக் காட்ட ஹெட்மாஸ்டர் என்னை அனுப்பினார். டீச்சர் வெள்ளைச் சேலை கட்டி, கையில் ஒரு தோல் பை வைத்திருந்தார். நாங்கள் முனை திரும்பியதும் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏய், அம்ம குத்தறவ வந்துகினு கீறா. புள்ளைங்கள உள்ள இஸ்துக்கோ."

அதோடு சந்து காலி. வெள்ளைச் சேலையும் பையுமாகக் குப்பத்துக்குள் அதுவரை வந்த பெண்கள் அம்மை குத்த வந்தவர்கள் மட்டுமே. டீச்சர் ஒரு கதவைத் தட்டினார்.

"எங்க வூட்ல புள்ளையே இல்லம்மா" என்றாள் கதவைத் திறந்தவள். அவள் சேலைக்குப் பின்னால் இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன.

அன்றிலிருந்து அந்தச் சந்தும் என் தலையில் விழுந்தது. டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு, உண்மையைச் சொன்னால், நடையில் ஒரு மிடுக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் நைனா, என் அப்பா, ஒரு சேதி கொண்டுவந்தார். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி எழுதும் வேலை ஒன்று காலியாம். மேஸ்திரியிடம் எனக்காகச் சொல்லி வைத்துவிட்டார்.

"நான் தூக்கறத என் புள்ள எழுதணும். நெழல்ல நின்னு எழுதணும். அவ்ளோதான் கேட்டுகினேன்" என்றார்.

"நான் போய்ட்டா ரெண்டு சந்துப் பிள்ளைங்களையும் யார் நைனா கூட்டிக்கினு வருவாங்க? வகுப்பையே மூடிடுவாங்க."

"நீ பொறக்கறதுக்கு முன்ன அந்த ஸ்கூலு இல்லியா?"

அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும்.

அந்த வாரத்திலேயே டீச்சர் என்னிடம், "இன்னிக்கு ஒரு தரம் நான் போய்ப் பாக்கறேன் சார். நீங்க தள்ளியே நில்லுங்க" என்றார். பையை டீக்கடையில் கொடுத்துவிட்டு, நேரே குழாயடிக்குப் போனார். மீன் விற்கப் போகும் பெண்கள் அங்கே குடத்தோடு நின்றிருந்தார்கள்.

"இன்னாம்மா, இன்னிக்கு ஊசிய எங்க மறைச்சிகினு வந்துகீற?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

டீச்சர் ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினார். அம்மை குத்திய தழும்பு வட்டமாகத் தெரிந்தது. "எனக்கும் பிடிச்சு வச்சுக் குத்துனாங்கக்கா. நானும் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவதான். நான் குத்த வரலை. எழுத்து சொல்லித் தர வந்திருக்கேன்."

அந்தப் பெண் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். "மெய்தான்டி. நம்மள மாதிரியே வாங்கிகினு கீது." பிறகு தள்ளி நின்ற என்னைக் காட்டி, "அந்த வாத்தியாரு வாசல்ல நின்னு கத்திட்டுப் போய்டுவாரு. நாங்க இன்னா பதில் சொல்றது ஆம்பளகிட்ட? நீ குந்து" என்றாள்.

டீச்சர் உட்கார்ந்தார். எந்தப் பையன் கரையில் இருக்கிறான், எவன் தங்கையைப் பார்த்துக்கொள்கிறான் என்று குழாயடியே சொல்லிவிட்டது. தாய்மார்கள் தாங்களாகவே காதைப் பிடித்து இழுத்து வந்தார்கள். நான் ஒரு நாளும் அந்தச் சந்திலிருந்து அத்தனை பேரைக் கொண்டுவந்ததில்லை.

மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் நைனாவிடம் சொல்ல என்னிடம் இருந்த ஒரே காரணம் அந்தக் காலையில் போய்விட்டது. அன்று வகுப்பில் உட்கார்ந்து யோசித்தேன். ஒண்ணாம் வகுப்பு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒருவன் என் கோட்டுப் பையில் கிளிஞ்சல் போட்டுக்கொண்டிருந்தான். நான் தடுக்கவில்லை.

சாயங்காலம் நைனா கேட்டார்: "இப்ப இன்னா சொல்ற?"

"நான் இல்லாட்டாலும் ஸ்கூலு நடக்கும் நைனா. எனக்குத்தான் அது வேணும்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மேஸ்திரிக்கு வாக்குக் குடுத்துட்டேன். படிச்ச ஆளு ஒண்ணு காட்டணும். புள்ளகுட்டிக்காரரு ஒருத்தரு இருக்காருன்னியே, அவரக் கேளு."

மறுநாள் கேட்டேன். நாலாம் வகுப்பு வாத்தியார் முதலில் சிரித்தார். பிறகு, "மெய்யாத்தான் சொல்றியா?" என்றார். அதற்கப்புறம் அவர் டீயைத் தொடவில்லை.

அடுத்த மாதம் அவர் துறைமுகத்துக்குப் போனார். நான் தங்கியும் ஆண்களில் ஒருவர் குறைந்துதான் போனார். நாலாம் வகுப்புக்கும் ஒரு டீச்சரம்மா வந்தார்.

இப்போது காலையில் தனியாகவே என் சந்துக்குள் நுழைகிறேன். வாசலில் நின்று கத்துவதை விட்டுவிட்டேன், குழாயடிக்கே போய்விடுகிறேன். குடம் நிரம்பும்வரை அந்தப் பெண்கள் என்னை விடுவதில்லை.

"இன்னா வாத்தியாரே, எல்லாரும் பூட்டாங்க, நீ இன்னும் ஆர்பருக்குப் போவலியா?"

"இல்லக்கா. பையன் எழுந்துட்டானா?"