துணைக்குப் போன படங்கள்

நேற்று டி.வி. விவாதத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் அடித்துச் சொன்னார்: சாமி படம் பார்ப்பவர்கள் படிக்காத பெண்களும் பக்திக் கட்சிக்காரர்களும்தானாம். படிக்காத பெண் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வெள்ளி, செவ்வாய் கோயில் தப்பியதில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது கத்திச் சண்டைப் படம். கோயிலில் சும்மா பார்க்கிற சாமியைப் பார்க்க டிக்கெட் எதற்கு?

எங்கள் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டை. சாமி இல்லை என்று திருமயம் கடைவீதியில் மைக் பிடித்தால் கோட்டைச் சுவர் அதிரும். அவருக்குத்தான் சாமி படம் உயிர்! அம்மன் பட நோட்டீஸைக் கண்டால் கறுப்பைக் கழற்றி வெள்ளையை மாட்டிக்கொள்வார். "கெளம்பு, ஒனக்குத் துணைக்கு வாரேன்." ஊரில் எனக்குப் பக்திப் பைத்தியம் என்று பெயர்.

டெண்டுக் கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். நான் மணலைக் குவித்துத் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுவேன். திரையில் அம்மன் வந்ததும் சூடம் கொளுத்துவார்கள். அந்த வாசனைக்கு விழித்தால், அங்கிட்டு இவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் இடைவேளையில், சோடாக் கடையில் எதிரே வந்து நின்றார் கட்சித் தோழர் சுப்பையா, தன் ஆத்தாளின் கையைப் பிடித்தபடி. மறுநாள் இருவரும் ஒரே மேடையில் பேச வேண்டியவர்கள். இவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்ன மதினி, தோழரையும் இழுத்தாந்துட்டீங்களா?"

என் கன்னமெல்லாம் மணல். உண்மையைச் சொன்னால் இவர் மேடை போச்சு. சொல்லாவிட்டால் பக்திப் பைத்தியம் என்ற பெயர் எனக்கே நிலைக்கும். இவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாய்யா, நாந்தான். அவரு வாசல்லயே நிக்கிறேன்னாரு."

"நானும் ஆத்தாளுக்காகத்தான் வந்தேன்" என்றார் சுப்பையா.

ஆத்தா விடவில்லை. "அடப் பாவி! எனக்கு ரெண்டு கண்ணும் பொரை விழுந்து மூணு வருசமாச்சு. நீதானடா வா வான்னு இழுத்தாந்த!"

இரண்டு ஆண்களும் சோடா பாட்டிலையே பார்த்தார்கள். இருவருக்கும் கண் சிவந்திருந்தது.

"மணல் தூசி, தோழர்."

"ஆமாங்க தோழர், இன்னிக்கு ரொம்பத் தூசி."

மணி அடித்ததும் ஓடிப்போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாள் மேடையில் அந்தப் படத்தைக் காட்சி காட்சியாகக் கிழித்தார்கள். கதை கேட்ட சுவையில் பாதிக் கூட்டம் அன்றைக்கே கொட்டகைக்குப் போய்விட்டது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க். இவரும் போய்விட்டார். மத்தியானம் டி.வி.யில் அம்மன் படம் வந்தால், "மாத்தவா அத்தை?" என்கிறாள் மருமகள். வேண்டாம் என்கிறேன். தூங்காமல் கடைசிவரை பார்க்கிறேன், அவருக்குத் துணைக்கு.