கோழிக்குஞ்சு பார்க்கப் போய்ப் படலையோடு நின்ற பயணம்

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. குளிர்கால ஜாக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டுப் புறப்படக்கூடிய முதல் நாள். ஒஷாவாவுக்கு வடக்கே சிறிய கோழிப்பண்ணை வைத்திருக்கும் எங்கள் சிநேகிதி வசந்தி அக்கா, புதுக் குஞ்சுகள் வந்திருப்பதாகச் சொல்லி மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். வழியில், ரூஜ் ஆறு ஏரியில் கலக்கும் கரையில் எங்கள் நாய் மிலோவை நடத்திக்கொண்டு போகலாம் என்றது நான்தான்.

மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கரைக்குக் காரில் இருபது நிமிடம்கூட இல்லை. நானும் கணவர் சேகரும் ஒன்பதரைக்கே போய்விட்டோம். பிந்தினால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஒருபக்கம் நாணலும் சேறும், மறுபக்கம் மணல். வடக்கே திரும்பும் பறவைகளால் தண்ணீரே தெரியவில்லை.

சேற்றோரம் திரும்பியபோதுதான் கண்டோம். மூன்று வாத்துகள் செத்துக் கிடந்தன. நான்காவது கழுத்தைச் சரித்தபடி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மிலோ பாய, சேகர் வாரைச் சுண்டி இழுத்தார்.

“வாய் வைச்சிட்டானே?” என்று கத்தினேன்.

“இல்லையப்பா. கிட்டப் போக முதலே இழுத்திட்டன்.”

நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசிய பெண் இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார், எதையும் தொட வேண்டாம் என்றார். கடைசியாக, நீங்கள் கோழி வளர்க்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் போய்க்கொண்டிருப்பதே கோழிக்கூட்டுக்கு. சப்பாத்து முழுக்க அந்தச் சேறு.

அந்த வாத்துகளுக்கு வந்தது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். அது காட்டுப் பறவைகளின் எச்சத்தோடும், நடப்பவர்களின் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டும் கூட்டுக்குள் போகும். நாய்க்கும், சில வேளை மனிதருக்கும்கூடத் தொற்றும். ஒரு கோழிக்கு வந்தால் பண்ணையில் உள்ள அத்தனையையும் அழிக்க வேண்டும். முட்டை விற்றுத்தான் அக்காவின் குடும்பம் நடக்கிறது.

“சப்பாத்தைக் கழுவினால் போதாதோ? அவ சமைச்சு வைச்சிருப்பா,” என்றார் சேகர்.

“அந்தக் கோழியளுக்கு ஒண்டு நடந்தால் அவவின்ர முகத்தில முழிப்பியளோ?”

நான் அக்காவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்றே நினைத்தேன்.

“நல்லகாலம் சொன்னாய்,” என்றார். “திரும்பிப் போகாதையுங்கோ. றோட்டுப் படலையடியில நில்லுங்கோ, சாப்பாட்டோட நான் வாறன்.”

நெடுஞ்சாலை 401 வழியே முக்கால் மணி நேரம். மிலோ காருக்குள்ளேயே இருந்தான். பண்ணையின் வெளிக்கதவான படலைக்கு அந்தப் பக்கம் அக்கா மடிப்பு மேசை போட்டிருந்தார். இந்தப் பக்கம் நின்றபடியே கைகழுவிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். பிறகு அவர் கூட்டுக்குப் போய், வாசலில் சப்பாத்தை மாற்றிக்கொண்டு, உள்ளேயிருந்து வீடியோ அழைப்பு எடுத்தார்.

“இந்தா பார், உது பெரிய குழப்படி,” என்று ஒரு மஞ்சள் குஞ்சைத் திரைக்கு அருகே பிடித்தார். அது கமெராவைக் கொத்தியது. மூவரும் சிரித்த சிரிப்பு வயலுக்கு மேலாகவும் தொலைபேசியிலும் ஒன்றாகக் கேட்டது. இத்தனை தூரம் வந்து குஞ்சைத் தொலைபேசியில் பார்த்தோமே என்ற குறை எனக்கு வரவேயில்லை.

அந்த வாத்துகளுக்கு என்ன நோய் என்று எங்களுக்குத் தெரியவரவில்லை. மிலோ சுகமாக இருக்கிறான். அக்காவின் குஞ்சுகளுக்கு இப்போது இறகு முளைத்துவிட்டது.

இளவேனிலில் அந்தப் பக்கம் போகிறவர்கள் நாயை வாரில் பிடித்தே நடத்துங்கள். செத்த பறவையைக் கண்டால் தள்ளி நின்று நகரசபைக்குச் சொல்லுங்கள். ஏரிக்கும் பண்ணைக்கும் வேறு வேறு நாட்களை வையுங்கள். ஒரே நாளில்தான் முடியுமென்றால் முதலில் பண்ணைக்குப் போங்கள். ஏரி எங்கும் ஓடிவிடாது.