பென்சிலில் போட்ட இடம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூரில் எங்கள் பழைய குடியிருப்பை இடித்து எட்டு மாடி கட்டுவதற்கு முன், வரைபடத்தோடு ஒரு இன்ஜினியர் வந்தார். ஒல்லியானவர். யார் எதைக் கேட்டாலும் அதில் பென்சிலால் குறித்துக்கொள்வார்.

எனக்குக் கூச்சம். என் மனைவிதான் கேட்டாள். "சார், இவரு இஸ்திரி வண்டி எங்க நிக்கும்? எங்க பொழப்பே அதான்."

அவர் வாசலோரம் ஒரு கட்டம் போட்டார்.

"இன்னா சார், தீப்பெட்டி கணக்கா கீது? துணி மூட்டைய உங்க தலையிலயா வெக்கிறது?"

அவர் சிரித்துக்கொண்டே அழித்துப் பெரிதாகப் போட்டார். "போதுமாம்மா?"

அந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. வாட்ச்மேன் என் வண்டியை உள்ளே விடுவதில்லை.

அந்த இன்ஜினியர் எங்களை ஏமாற்றினாரா, எங்களைப் போல அவரும் ஏமாந்தாரா? தெரியாததால் திட்டவும் முடியவில்லை.

எழுதியது, மாசிக் கடைசி ஞாயிறு.